வுட்ஸ்டாக் ஆவணப்படத்தை எந்த வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம்? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

1969 ஆகஸ்ட் 15 முதல் 18ஆம் தேதி காலை வரை, நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை நிலத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். அந்த ராக் இசை விழாவை மைக்கேல் வாட்லி படமாக்கினார். 1970 மார்ச்சில் வெளிவந்த 'வுட்ஸ்டாக்' சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. வியட்நாம் போரை எதிர்த்த ஒரு தலைமுறையைத் திரையில் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் முதலில் கைகாட்டப்படுவது இந்தப் படத்தைத்தான். கிட்டார் பழகும் பிள்ளைகளும், பள்ளியில் வியட்நாம் போரைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகளும் இதைத் தேடி வருவார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழுப் படம் 16 வயதிலிருந்து பொருத்தம். 14, 15 வயதென்றால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 11 முதல் 13 வரை, தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டும் போதும். அதற்குக் கீழே வேண்டாம். பயப்படும்படி ஏதோ இருக்கிறது என்பதல்ல காரணம். அந்த வயதில் இந்தப் படத்திலிருந்து போய்ச் சேருவது சத்தமும் கூத்தும் மட்டும்தான்.

நிர்வாணமும் கெட்ட வார்த்தையும்தான் இந்தப் படத்தின் சிக்கல் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அவை இருக்கின்றன. ஆனால் உண்மையான சிக்கல் வேறு. போதைப்பொருள் இதில் விளைவே இல்லாத விளையாட்டாகக் காட்டப்படுகிறது. போர் எதிர்ப்போ, பின்னணி தெரியாத பிள்ளையின் கண்ணில் படாமலே கடந்து போய்விடுகிறது. இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும்.

முதல் படி: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

திரையரங்குப் பதிப்பு சுமார் 184 நிமிடம். 1994இல் வந்த இயக்குநர் பதிப்பு அதைவிட 40 நிமிடம் நீளம். பாடகி ஜானிஸ் ஜாப்ளின், ஜெஃபர்சன் ஏர்பிளேன், கேன்ட் ஹீட் என்ற இசைக்குழுக்கள் ஆகியோரின் மேடைப் பகுதிகளும், கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கூடுதல் வாசிப்பும் அதில் உண்டு. பிள்ளையோடு பார்ப்பதற்குக் குறுகிய பதிப்பே நல்லது. மூன்று மணி நேரமே வளரிளம் பிள்ளைக்கு அதிகம். இசையில் ஊறிய பிள்ளையென்றால் நீளப் பதிப்பைப் பிறகு தானே தேடிக்கொள்ளும். பட்டியலில் காட்டும் நேரத்தைப் பார்த்தாலே எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். 1999இல் இதே பெயரில் வேறொரு விழா நடந்தது. அதில் தீவைப்பும் கலவரமும் பாலியல் வன்முறையும் நிகழ்ந்தன. அதைப் பற்றி அண்மைக்காலத்தில் ஆவணப்படங்கள் வந்திருப்பதால், தேடினால் இரண்டும் கலந்தே வரும். பெயரை மட்டும் பார்த்துப் பிள்ளையிடம் ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். 1970 என்ற ஆண்டையும் வாட்லி என்ற பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சான்றிதழை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு 'ஆர்' தரம். 17 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோடோ பொறுப்பான பெரியவரோடோதான் அரங்குக்குள் போகலாம் என்பது இதன் பொருள். நம் ஊர் 'ஏ' சான்றிதழ் அப்படியல்ல. யாரோடு வந்தாலும் 18க்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை. ஆகவே 'ஆர்' என்றதும் 'ஏ' படம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இப்போது புழங்கும் யு/ஏ 7+, 13+, 16+ வரிசையில் வைத்துப் பார்த்தால், எங்கள் கணிப்பில் இது 16+ பக்கம் சாயும்.

தரம் என்பது ஒட்டுமொத்தப் படத்துக்கு ஓர் எழுத்துதான். எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்தத் தொனியில் என்பதை அது சொல்லாது. அதைத்தான் அடுத்த படியில் பார்க்கப் போகிறோம்.

மூன்றாம் படி: இந்த இடங்களை நீங்கள் முன்கூட்டியே பாருங்கள்

முழுப் படத்தையும் முன்பே பார்க்க நேரமில்லை என்றால், கீழே சொல்லும் இடங்களையாவது பார்த்துவிடுங்கள். நிமிடக் கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் பாடகர்களையும் காட்சிகளையும் அடையாளமாகச் சொல்கிறோம்.

குளத்தில் குளிக்கும் காட்சி: ஆண்களும் பெண்களும் ஆடையின்றிக் குளிக்கிறார்கள். கேமரா ஒளித்துக் காட்டுவதில்லை, கிளர்ச்சியூட்டும்படி காட்டுவதும் இல்லை. தண்ணீரில் நின்றபடியே சாதாரணமாகப் பேசுகிறார்கள். வேறோர் இடத்தில், உயரமான புல்லுக்கு நடுவே ஓர் இணை உடலுறவு கொள்வது தொலைவிலிருந்து காட்டப்படுகிறது. குளத்துக் காட்சியை 14 வயதுப் பிள்ளையோடு பார்த்துவிடலாம். புல்வெளிக் காட்சியில் பல குடும்பங்களுக்குக் கூச்சம் வரும். தாண்டிவிட்டால் கதை எதுவும் அறுந்துபோகாது.

பேட்டிகள்: தொடக்கப் பகுதியில் ஓர் இளம் பெண்ணும் இளைஞரும் தங்கள் உறவைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார்கள். திருமணத்துக்கு வெளியே உடலுறவு என்பது அவர்களுக்குப் பேச்சோடு பேச்சாக வருகிற விஷயம். படத்தில் பேச்சு வேகமானது, வட்டார உச்சரிப்பு வேறு. சப்டைட்டில் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பாதி புரியாது. சப்டைட்டில் போட்டால் எல்லாம் புரியும்.

ஆர்லோ கத்ரியின் பாடல்: போதைப்பொருளை விமானத்தில் கடத்தி வருவதைப் பற்றிய துள்ளலான பாட்டு இது. அது ஒலிக்கும்போது கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கஞ்சா புகைப்பதைத் தொகுத்துக் காட்டுகிறார்கள். அதே படத்தில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெரி கார்சியா கஞ்சா சுருட்டைக் கையில் பிடித்துச் சிரித்தபடி கேமராவிடம் காட்டுகிறார். எங்கள் பார்வையில் படத்திலேயே அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். கெட்டது என்றோ நல்லது என்றோ யாரும் சொல்வதில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். 13 வயதுப் பிள்ளைக்கு அதைவிட வலுவான விளம்பரம் வேண்டியதில்லை.

பழுப்பு நிற மாத்திரை அறிவிப்பு: மேடையிலிருந்து ஒருவர், கூட்டத்தில் சுற்றும் பழுப்பு நிற எல்எஸ்டி என்ற போதைப்பொருள் அவ்வளவு நல்லதல்ல, விலகி இருங்கள் என்கிறார். அடுத்த மூச்சில், எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்கிற தொனிக்கு வந்துவிடுகிறார். இதை வெட்ட வேண்டாம், பேச இது நல்ல இடம். எது கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பொருளை லட்சக்கணக்கானவர்கள் நடுவே விற்கிறார்கள் என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது.

ஜான் செபாஸ்டியன்: வண்ணச் சட்டையோடு தனியாக கிட்டார் வாசிக்கிறார். விழாவின்போது பிறந்த ஒரு குழந்தையைச் சொல்லிப் பாடத் தொடங்கி, நடுவில் வரியை மறந்து தடுமாறுகிறார். பார்க்க மிகவும் இனிமையான பகுதி. பாட்டின் பொருளும் பெற்றோருக்கு நெருக்கமானது. பிற்போக்கான அப்பாவாக இருக்க மாட்டேன் என்று நினைக்கும் ஓர் ஆள், நாளைக்குத் தன் பிள்ளை என்னென்ன கேட்குமோ என்று திகைப்பதுதான் பாட்டு. ஆனால் மூன்று வயதுச் சிறுமி எல்எஸ்டி எடுப்பதாக ஒரு வரி நகைச்சுவையாக வருகிறது. இனிமையாக இருப்பதால் யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது.

கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட்: பாடலுக்கு முன் கூட்டத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கத்தச் சொல்கிறார். நான்கு எழுத்தும் சேர்ந்தால் ஆங்கிலத்தின் மிகப் பிரபலமான கெட்ட வார்த்தை. பாட்டு நடக்கும்போது வரிகள் திரையில் எழுத்தாக ஓட, ஒரு புள்ளி ஒவ்வொரு சொல்லின் மேலும் துள்ளித் துள்ளிப் போகும். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைக்கும் பாணி. அதனால் இந்தப் பகுதியைக் காட்டினால் பிள்ளை அதைப் பாடிக்கொண்டே திரியும். அது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். இந்தப் பாட்டின் முக்கியத்துவத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். அதற்காக அந்த வார்த்தையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் முடிவு.

இதில் ஒன்று மட்டும் இல்லை. போர்க்களம். குண்டுவெடிப்போ, பிணங்களோ, காயமோ ஒரு காட்சியிலும் இல்லை. போர் முழுக்கப் பேச்சிலும் பாட்டிலும்தான் இருக்கிறது. ஆனால் ஹெலிகாப்டர்கள் தாழ்வாகப் பறக்கும் சத்தம் அடிக்கடி வரும், கடைசியில் ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் குண்டு விழும் ஓசையை எழுப்பும். ஈழப்போரின் ஊடாக வந்த பெரியவர்கள் இருக்கும் வீடென்றால் ஒலியைக் குறைத்து வைப்பது நல்லது. பிள்ளையைவிட அவர்களைத்தான் இது தொந்தரவு செய்யும்.

நான்காம் படி: பார்ப்பதற்கு முன் கால் மணி நேரப் பின்னணி

இந்தப் படி இல்லாமல் படத்தைப் போட்டால் போர் எதிர்ப்பு காணாமல் போய்விடும். படத்தில் விளக்கக் குரல் கிடையாது. 1970இல் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வோர் அமெரிக்க இளைஞனுக்கும் தெரிந்திருந்ததை யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நம் பிள்ளைக்கு அதை நாம் சொல்லவேண்டும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அன்று அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. 18 வயதானதும் ஆண்கள் பெயர் பதிய வேண்டும். அழைப்பு வந்தால் போக வேண்டும். மறுத்தால் ஐந்தாண்டு வரை சிறை. 1969 ஏப்ரலில் வியட்நாமில் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கத் துருப்புகள் இருந்தன. அந்த ஓராண்டில் மட்டும் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். போர் முழுவதிலும் 58 ஆயிரத்துக்கு மேல். ஆக, திரையில் சேற்றில் சறுக்கி விளையாடுகிற பையன்களில் பலர் அடுத்த மாதமே அழைப்பாணை வருமோ என்று காத்திருந்தவர்கள்.

அவர்களில் பலருக்கு வாக்குரிமையும் இல்லை. அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது 1971இல்தான். போருக்கு அனுப்பும் வயது 18, அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்கும் வயது 21. இந்த ஒரு முரணைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இந்தியாவிலும் 1989 வரை வாக்குரிமை வயது 21தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தி ஹூ குழு பாடும் 'சம்மர்டைம் புளூஸ்' பாட்டில், உதவி கேட்டுப் போகும் பையனிடம் நாடாளுமன்ற உறுப்பினர் உனக்கு ஓட்டுப் போடும் வயதாகவில்லையே என்கிறார். விளையாட்டாக எழுதப்பட்ட பழைய பாட்டு, ஆனால் 1969இல் அந்த வரி வேறு மாதிரி ஒலித்திருக்கும்.

கட்டாய ராணுவச் சேவை இந்தியப் பிள்ளைகளுக்குப் புதிய விஷயம். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அங்கே அண்ணன்மார் 18 வயதில் தேசிய சேவைக்குப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும், வேறு எச்சரிக்கையோடும் தொடங்க வேண்டும். அமைதிக்காலச் சேவையையும், தொலைதூர நாட்டில் நடந்த போருக்கு அனுப்பப்பட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று அமர்வாகப் பிரியுங்கள்

ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டாவது மணியில் பிள்ளை போனை எடுத்துவிடும். முதல் அமர்வு மேடை கட்டுவதிலிருந்து ஜோ காக்கர் பாடி முடிக்கும்வரை. இரண்டாவது புயல் மழையில் தொடங்கி டென் இயர்ஸ் ஆஃப்டர் குழுவரை. மூன்றாவது ஜான் செபாஸ்டியனிலிருந்து கடைசிவரை. அமர்வுகளுக்கு இடையே ஒரு நாள் விட்டால் கேள்விகள் தாமாகவே வரும்.

திரை பெரிதாக இருக்கட்டும். வாட்லியும் படத்தொகுப்பாளர்களும் திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்து, ஒரு பக்கம் பாடகர், மறுபக்கம் கூட்டம் என்று ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். தொகுப்பில் தெல்மா ஷூன்மேக்கரும் அன்று இளைஞராக இருந்த மார்ட்டின் ஸ்கார்செசியும் பங்கெடுத்தார்கள். போனில் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். பிள்ளைக்குப் படம் பிடிக்காமல் போக இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. வேறொரு காரணமும் இருக்கிறது. தனித்தனியாகப் போனில் பார்த்தால் நிறுத்திப் பேச இடமில்லை.

சப்டைட்டிலை எப்போதும் போட்டு வைக்காதீர்கள். ரிச்சி ஹேவன்ஸ், ஜோன் பயஸ், கன்ட்ரி ஜோ ஆகிய மூவரின் பகுதிகளுக்கும், துப்புரவுத் தொழிலாளி காட்சிக்கும் போட்டால் போதும்.

ஆறாம் படி: நிறுத்திப் பேச ஐந்து இடங்கள்

*ரிச்சி ஹேவன்ஸ்.* மற்ற கலைஞர்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டதால் விழாவைத் தொடங்கிவைத்தவர் இவர். 'ஹேண்ட்ஸம் ஜானி' பாட்டில் ஜானி என்ற இளைஞன் ஒரு போரிலிருந்து அடுத்த போருக்கு நடந்துகொண்டே இருக்கிறான். கான்கார்ட், கெட்டிஸ்பர்க், டன்கிர்க், கொரியா, வியட்நாம் என்று ஊர் மாறுகிறது, கையில் உள்ள துப்பாக்கி மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. கடைசியில் அவன் பர்மிங்காமுக்கு நடக்கிறான். அங்கே ஆயுதம் இல்லை, மடக்கிய கை மட்டும். அது கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய நகரம். ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் போர் என்று தேடச் சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கும் இது முடியும். இருநூறு ஆண்டுகளின் அமெரிக்க வரலாறு ஒரே பாட்டில் கிடைத்துவிடும். இதைத் தொடர்ந்து அவர் பாடும் 'ஃப்ரீடம்', பாட ஏதும் மிச்சமில்லாமல் மேடையிலேயே ஒரு பழைய ஆன்மிகப் பாடலிலிருந்து அவர் கட்டியெழுப்பியது.

*ஜோன் பயஸ்.* வயிற்றில் பிள்ளையோடு மேடைக்கு வந்திருந்தார். அவருடைய கணவர் டேவிட் ஹாரிஸ் ராணுவ அழைப்பை மறுத்ததற்காகச் சில வாரங்களுக்கு முன்புதான் சிறைக்குப் போயிருந்தார். அதைக் கூட்டத்திடம் அவர் சாதாரணக் குரலில் சொல்கிறார். அழவில்லை, கத்தவில்லை. நாட்டைவிட்டு ஓடாமல், ஒளியாமல், சட்டத்தை வெளிப்படையாக மீறித் தண்டனையை ஏற்பது என்ற வழியைப் பிள்ளைக்கு விளக்க இது இடம். காந்தியைப் பற்றிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. ஹாரிஸ் செய்தது சரியா என்று கேட்டுவிட்டு, பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். தவறு என்று பிள்ளை சொன்னாலும் நல்ல உரையாடல்தான்.

*கழிப்பறைத் துப்புரவுத் தொழிலாளி.* எங்களைக் கேட்டால் படத்தின் இதயம் இந்தக் காட்சிதான். தற்காலிகக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் நடுவயதுக்காரர் ஒருவர். முகத்தில் சலிப்பில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்கிறார். தன் மகன் ஒருவன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான் என்கிறார். இன்னொருவன் வியட்நாமில், ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்கிறார். சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார். படத்தை அங்கே நிறுத்துங்கள். எந்த மகனைப் பற்றி அவர் அதிகம் பெருமைப்படுகிறார் என்று கேளுங்கள். இரண்டு பேரையும் ஒரே அளவில் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு, போர் எதிர்ப்பு என்றால் போர்வீரனை வெறுப்பது அல்ல என்பது யாரும் போதிக்காமலே புரிந்துவிடும். கவனிக்க: இந்தக் காட்சி முடிந்ததுமே கழிப்பறைக்குள்ளிருந்து ஓர் இளைஞன் புகைக்குழாயோடு வெளியே வருவான். சிறு பிள்ளையென்றால் அதற்கு முன் நிறுத்திவிடலாம்.

*கன்ட்ரி ஜோவின் பாட்டு.* சந்தையில் கூவி விற்கிற மாதிரி துள்ளலான மெட்டு. பெற்றோரே, சீக்கிரம் உங்கள் மகனைப் போருக்கு அனுப்புங்கள், தெருவிலேயே முதல் ஆளாக மகனைப் பெட்டியில் திரும்பப் பெறுங்கள் என்கிறது. கேலி என்று புரிந்தால் நெஞ்சைப் பிடிக்கும். புரியாவிட்டால் போரை விற்கும் விளம்பரப் பாட்டாகவே நிற்கும். பத்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள். 13, 14இல்தான் சொல்வது ஒன்று, குறிப்பது வேறு என்பது பிடிபடத் தொடங்கும். நம் வயது வரம்புக்கு இதுவும் ஒரு காரணம். பாட்டின் நடுவில் அவர் நிறுத்தி, இவ்வளவு மெதுவாகப் பாடினால் போரை எப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்று கூட்டத்தைக் கடிந்துகொள்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். கேலியும் கோபமும் ஒன்றுசேரும் இடம் அது.

*ஹெண்ட்ரிக்ஸின் தேசியகீதம்.* திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப்போன பிறகு வாசிக்கிறார். அமெரிக்க தேசியகீதத்தின் மெட்டு நேராகத் தொடங்கும். குண்டுகளைப் பற்றிய வரி வரும் இடத்தில் கிட்டார் அலறும், விமானம் பாய்வது போல, சைரன் போல. பிறகு ராணுவ இறுதிச் சடங்கில் ஊதும் 'டாப்ஸ்' என்ற ஊதுகொம்பு மெட்டை நடுவில் நுழைக்கிறார்.

தேசியகீதம் ஒலித்தால் அசையாமல் நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம். அப்படிச் சொன்னால் கண்டிக்க வேண்டாம். மூன்று செய்திகளைக் கொடுங்கள். ஹெண்ட்ரிக்ஸ் 1961, 62இல் அமெரிக்க ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பாராசூட் வீரராக இருந்தவர். பின்னர் தொலைக்காட்சியில் கேட்டபோது, அது தனக்கு அழகாகவே பட்டது என்றார். அமெரிக்காவில் தேசியகீதத்தைத் தன் பாணியில் வாசிப்பது குற்றமில்லை. இதற்குப் பிறகு மறுபடி ஒருமுறை அந்தப் பகுதியைப் போடுங்கள். முதல்முறை சத்தமாகக் கேட்டது இரண்டாம்முறை என்னவாகக் கேட்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஒலியளவை மட்டும் முன்பே குறைத்து வையுங்கள், ஹெட்போனில் வேண்டாம்.

ஏழாம் படி: படம் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள்

போதைப்பொருளைப் பற்றி உபதேசம் எடுபடாது, தகவல் எடுபடும். விழாவில் போதைமருந்தால் உயிரிழப்பு நேர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் டிராக்டர் ஏறி இறந்தான். படத்தின் தொடக்கத்தில் நாம் கேட்கும் கேன்ட் ஹீட் பாட்டைப் பாடிய ஆலன் வில்சன், ஹெண்ட்ரிக்ஸ், ஜாப்ளின் மூவரும் படம் வெளிவந்த அதே 1970இல், செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 4க்குள் இறந்தார்கள். மூவருக்கும் வயது 27. மூன்று மரணங்களிலும் போதைப்பொருளோ தூக்க மருந்தோ இருந்தது. ஹெண்ட்ரிக்ஸின் வாசிப்பைப் பார்த்து வியந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால், அடுத்து நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டியிராது.

வியட்நாம் மக்களின் குரல் படத்தில் ஒரு நொடிகூட இல்லை. போரை எதிர்த்த படத்தில் இது பெரிய குறை. 1995இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்குப்படி ஏறக்குறைய 20 லட்சம் பொதுமக்களும் 11 லட்சம் போராளிகளும் இறந்தார்கள். 16 வயதுப் பிள்ளைக்கு இந்த எண்ணை 58 ஆயிரத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இது போராட்டக் கூட்டம் அல்ல என்பதையும் தெளிவாக்குங்கள். டிக்கெட் முன்பதிவுக்கு 18 டாலர் விலை வைத்து லாபத்துக்காகத் திட்டமிட்ட விழா. வேலி கட்டி முடிக்கவில்லை, கூட்டம் உள்ளே வந்துவிட்டது, இலவசமாயிற்று. அரசியல் பேச மேடையேறிய போர் எதிர்ப்புச் செயற்பாட்டாளர் ஆபி ஹாஃப்மனைத் தி ஹூவின் பீட் டவுன்ஷெண்ட் விரட்டியடித்தார். இன்னொரு பக்கம், சாலைகள் அடைபட்டபோது மருத்துவ உதவியைக் கொண்டுவந்தவை ராணுவ ஹெலிகாப்டர்கள். மழை பெய்ததும், அரசாங்கம்தான் மேகத்தில் மருந்து தூவியது என்று ஒருவர் கேமராமுன் அடித்துச் சொல்வதும் படத்தில் இருக்கிறது. வதந்தி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை.

தமிழ் வீட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. விழாவின் முதல் நாள் மாலை, மேடையில் அமர்ந்து கூட்டத்தை ஆசீர்வதித்துப் பேசியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர். அமெரிக்கா போகும் முன் திருகோணமலையிலும் கண்டியிலும் யோகம் கற்பித்தவர். இதைக் கேட்டதும் பாதி ஆர்வத்தோடு உட்கார்ந்திருந்த தாத்தாவும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

11 முதல் 13 வயதுவரை எதைக் காட்டுவது

மேடை கட்டும் பகுதி, ரிச்சி ஹேவன்ஸின் இரண்டு பாட்டு, ஜோ காக்கர், புயல் மழை, துப்புரவுத் தொழிலாளி, சந்தானா, ஹெண்ட்ரிக்ஸின் தேசியகீதம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். சந்தானா பகுதியில் டிரம்ஸ் வாசிக்கும் மைக்கேல் ஷ்ரீவுக்கு அப்போது 20 வயது. இசை கற்கும் பிள்ளை அந்தத் தனி ஆவர்த்தனத்தை மறுபடி மறுபடி கேட்கும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கூச்சமான காட்சி வந்ததும் பதறி ரிமோட்டைத் தேடுவது. முன்பே பார்த்துவைத்து, இங்கே கொஞ்சம் தாண்டுகிறேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தாண்டினால் பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மற்றொன்று, பெரியவர்கள் படம் முழுக்க விளக்கிக்கொண்டே இருப்பது. சொன்ன ஐந்து இடங்களுக்கு மேல் நிறுத்த வேண்டாம். பாட்டின் நடுவில் ஒருபோதும் வேண்டாம், முடிந்தபின் நிறுத்துங்கள்.

பார்த்து முடித்தபின் தனியாக மறுபடி பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்கலாம். 16 வயதானால் கொடுங்கள், நீளப் பதிப்பாகவே இருக்கட்டும். 14 வயதானால் பாடல்களை மட்டும் ஒலியாகக் கொடுத்து, படத்தை அடுத்த ஆண்டு சேர்ந்து பார்க்கலாம் என்று நாள் குறியுங்கள்.